பூட்டிய ஃபைலில் என் பெயர்

அன்று காலை குடவாசல் அறுவடை மெஷின் வாடகை ஆபீசில் இருந்தது நான்கு பேர்: முதலாளி, கூட வேலை பார்த்த செல்வி, மெஷின் கேட்டு வந்த ஒரு விவசாயி, எட்டாவதோடு படிப்பை விட்ட நான்.

எந்த வயலுக்கு எந்த வரிசையில் மெஷின் போகும் என்று நானும் செல்வியும் குறிக்கிற பொது புக்கிங் ஃபைலில், செல்வியின் கம்ப்யூட்டரிலிருந்து எதுவும் எழுத முடியவில்லை. நான் அதில் வேலை செய்வதால் பூட்டியிருப்பதாக என் பெயரைக் காட்டியது.

"ஃபைலைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உங்கண்ணன் வயலை முன்னாடி ஏத்துறியாம்மா?" என்றார் முதலாளி.

"நான் இன்னும் கம்ப்யூட்டரே ஆன் பண்ணலை சார்."

"அப்ப உன் பேரு தானா வந்து உக்காந்துக்கிச்சா?"

விவசாயி சிரித்தார். செல்வி தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதற்கும் பயப்படுகிறவள் நான். ஏதோ தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழுதபடி வீட்டுக்கு வந்தவள், பிறகு போகவில்லை.

மறுநாள் செல்வி போன் செய்தாள். "முந்தாநாள் கரண்ட் போனப்ப உங்க கம்ப்யூட்டர்ல திறந்திருந்த புக்கிங் ஃபைல் சரியா மூடலையாம்க்கா. உங்க பேரோட சின்ன ஃபைல் ஒண்ணு அதே ஃபோல்டர்ல மறைஞ்சு கிடந்துச்சு. ரிப்பேர்காரர் அதை அழிச்சதும் சரியாயிடுச்சு."

"சார் என்ன சொன்னாரு?"

"அடுத்த புக்கிங்கை ஏத்துன்னாருக்கா."

இப்போது வேறு இடத்தில் வேலை. கரண்ட் போய் வந்தால், திறந்திருந்த ஃபைலை மறுபடி திறந்து முறையாக மூடிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். பழைய இடத்தில் என் சம்பள பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அப்படியே நிற்கிறது.