காதறுந்த துப்பாக்கி

வெண்டல் கிராட்ஸரிடம் துப்பாக்கியைக் காட்டி மதிப்புக் கேட்டவர்களில், முகம் வாடாமல் திரும்பியவர்கள் குறைவு. எங்கள் கடைக்கு, கொடுத்துவிட்டு வேறு வாங்க வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய ராணுவ ரைபிள்களுக்கு விலை சொல்வது அவர் வேலை. வேட்டை உரிமமும் தூண்டில் புழுவும் விற்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் எதிரெதிர் கவுண்ட்டரில் நின்றோம். அதில் பாதி நாள் எனக்கு அவரைப் பிடிக்காது.

ஆள் பொய் சொல்ல மாட்டார். தொல்லையே அதுதான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் மிச்சமிருந்த ரைபிள்களைச் சல்லிசாக விற்றுத் தள்ளியது. பென்சில்வேனியாவின் இந்த வடக்கு மலைகளில் வீட்டுக்கு ஒன்று வாங்கினார்கள். மான் வேட்டைக்கு அது கனம், நீளம். ஆகவே தோளில் வைக்கும் மரக்கட்டையை அறுத்தார்கள், குழலைக் குறைத்தார்கள், மேலே துளை போட்டுக் குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டினார்கள், வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கினார்கள். நாற்பது வருஷம் கழித்து, அப்பா பார்த்துப் பார்த்துச் செய்தது என்று மகன் பெருமையோடு கொண்டுவந்து வைப்பான். ராணுவத்திலிருந்து வந்தபடியே பெட்டியில் கிடந்திருந்தால் சேகரிப்பவர்கள் நானூறு டாலர் கொடுப்பார்கள். அழகு பார்த்த பிறகு நூறு. இதை நயமாகச் சொல்ல ஆயிரம் வழி உண்டு. வெண்டலுக்கு ஒரே வழிதான் தெரியும்.

"எந்தக் கசாப்புக்காரன் இதுல கை வச்சான்?" என்பார்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி விசைக்குக் கீழே நூலில் கட்டுவார். வகை, எண், குழலின் தேய்மானம், மதிப்பு. கடைசியில் அவராகவே சேர்த்துக்கொண்ட ஒரு வரி: 'கெடுத்தவர்'. அநேகமாக அதில் 'தெரியாது' என்று இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இழைத்த ரைபிளைக் கொண்டுவந்தபோது வெண்டல் அந்த வரியில் அவர் பெயரையே எழுதி, கட்டை அடுப்புக்கு ஆகும் என்றும் சொல்லிவிட்டார். அன்றோடு என் வீட்டுக்காரர் அவரிடம் பேச்சை நிறுத்தினார். தொண்ணூறு டாலர் என்ற அந்த அட்டை இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

லியோனா பர்க்கார்ட் வந்தது தொண்ணூற்று நான்காம் வருஷம், நவம்பரில், நன்றி நாள் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம். திங்கட்கிழமை மான் வேட்டை ஆரம்பம், பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. உரிமத்துக்கு என் முன்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். லியோனா மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, அறுபதைத் தாண்டியவள். கணவன் ஹார்லன் வசந்தத்தில் இறந்துபோயிருந்தான். வேட்டை முகாமில், மரத்தின் மேல் உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்க அவனுக்கென்று ஒரு பரண் உண்டு. ஆரம்ப நாளன்று பரண் காலியாக இருந்தால் அது அடுத்தவருக்குப் போய்விடும், அதுதான் முகாமின் வழக்கம். கொழுந்தன்மார் இப்போதே சீட்டுப் போடப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவளுக்கு அந்தப் பரண் வேண்டும். ஆனால் ஹார்லனின் ரைபிள் அவளுக்கு நீளம். பின்முனை இரும்புத் தகடு, அறுவை செய்த தோளை இடித்துக் கொல்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, சுவரில் இருநூற்றைம்பது டாலர் விலையில் தொங்கிய சின்ன ரைபிளை வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருந்தாள்.

வெண்டல் கண்ணாடியை மாட்டினார். அது முதல் யுத்தத்து ரைபிள். அந்த வகையில் பின்பக்கம் குறிபார்க்கும் தகட்டுக்குக் காவலாக இரண்டு இரும்புக் காதுகள் நிற்கும். காதுகள் இருந்தால் மதிப்பு, போனால் போனதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. இதில் இரண்டையும் சாணைச் சக்கரத்தில் தேய்த்து எடுத்திருந்தார்கள். தேய்த்தவன் கை நழுவி இரும்பில் ஒரு பள்ளமும் விழுந்திருந்தது. வழக்கமான கேள்வியை வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார் வெண்டல். லியோனாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடியில் எத்தனை துளை என்று பார்க்க ஸ்கோப்பின் பின்தாங்கியைக் கழற்றினார். மெல்லிய செம்புத் துண்டு ஒன்று விரிப்பில் விழுந்தது. பள்ளத்தை நிரவ ஒரு சென்ட் காசை அரத்தால் ராவி வைத்திருந்தார்கள். காசிலிருந்த லிங்கன் முகத்தில் மூக்கும் தாடியும் மட்டும் மிச்சம். வெண்டல் அதை விரல்நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, இதைச் செய்தது யார் என்று மெதுவாகக் கேட்டார்.

"தோல் ஆலையில வேலை பாத்த ஒரு பையனாம். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம், ஐம்பத்தெட்டுல. தன் கொட்டகையில வச்சு செஞ்சு குடுத்தானாம்," என்றாள் லியோனா. "ரெண்டு டாலரும் ஒரு கூடை ஆப்பிளும் கூலி."

"ஆப்பிள் இல்ல," என்றார் வெண்டல். "பேரிக்காய்."

அவளுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "அந்தக் கசாப்புக்காரன் நான்தான்."

என் உள்ளம் குளிர்ந்தது, மறைப்பானேன். இத்தனை வருஷமாக ஊரையெல்லாம் திட்டியவர், அந்தக் குளிர்காலத்தில் முப்பது துப்பாக்கிகளுக்குக் காதறுத்தாராம். அவரே ஒப்புக்கொண்டார். அப்போது கூடையில் குவித்துப் போட்டு விற்ற துப்பாக்கிகளை யார் பொருட்படுத்தினார்கள் என்றார்.

அட்டையை எடுத்தார். மதிப்பு: நூற்றுப்பத்து. கெடுத்தவர்: வெ. கிராட்ஸர். கொஞ்சம் ஏற்றிப் போடுங்களேன் என்று நான் கண்ணைக் காட்டினேன். தான் வெட்டியதற்காக விலை ஏறுமா என்று என்னிடமே எரிந்து விழுந்தார். மிச்ச நூற்று நாற்பதைத் தானே போடுவதாக லியோனாவிடம் சொன்னார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எதுக்குப் போடணும்? முப்பத்தொரு மான் அடிச்சிருக்கார் இதால. ஒரு நாள் குறி தப்பினதுன்னு அவர் சொன்னதில்ல. என்ன கெட்டுப்போச்சு இப்போ?"

வெண்டல் பேனாவைக் கீழே வைத்தார்.

ரைபிளைத் தோளில் வைத்துக் காட்டச் சொன்னார். அவள் கழுத்தை எக்கி எக்கிக் குறி பார்த்தாள். அவள் முழங்கையிலிருந்து விரல்வரை அளந்தார். கட்டையில் ஒன்றே கால் அங்குலம் அதிகம். அதை அறுத்து இரும்புத் தகட்டுக்குப் பதில் தடித்த ரப்பர் வைத்து, மருந்து குறைத்த தோட்டா தானே அடைத்துத் தந்தால் தோள் தாங்கும் என்றார். ராணுவக் கட்டையில் ரம்பம் பட்டாலே சாபம் கொடுக்கிற மனுஷன்.

"ஆனா ஒண்ணு. அறுத்துட்டா இந்த நூத்திப்பத்தும் போயிரும். அப்புறம் எவனும் வாங்க மாட்டான்."

"திங்கக்கிழமை பரண்ல உக்காரணும்," என்றாள் லியோனா. "இனி இதை விக்கறதா இல்ல. அறுங்க."

அட்டையைக் கிழித்தார். பின்னறைப் பிடிகருவியில் கட்டையை இறுக்கி, எல்லோரும் எட்டிப் பார்க்க, ரம்பத்தை வைத்தார். அறுத்தது நூல் பிடித்த மாதிரி இருந்தது. அந்தச் செம்புத் துண்டை இருந்த இடத்திலேயே வைத்து மறுபடி முடுக்கினார்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். பேரிக்காய் அடைத்த புட்டி இரண்டைக் கவுண்ட்டரில் வைத்தாள். மான் அகப்பட்டதா என்று வெண்டல் கேட்டார்.

"ஒண்ணும் வரல. விடியறதுக்கு முன்னாடியே ஏறி உக்காந்துட்டேன். கொழுந்தன் கீழே வந்து அண்ணாந்து பாத்துட்டுப் போயிட்டார்." சொல்லும்போது அவள் கண் நிறைந்தது. "இனி அது என் எடம்."

அவள் போன பிறகு வெண்டல் ஒரு புட்டியைத் திறந்தார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். தின்றுகொண்டே, உங்கள் வீட்டுக்காரர் இழைத்த ரைபிள் நேராகச் சுடுகிறதா என்று கேட்டார். சுடுகிறது என்றேன்.

"அப்ப அடுப்புக்கு ஆகும்னு சொன்னது என் தப்புன்னு அவர்கிட்ட சொல்லிருங்க," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "விலை அதே தொண்ணூறுதான்."