புரட்டாசியில் ஒரு பை மீல்மேக்கர்

என் பெரியப்பா நாராயணசாமிக்குக் கரும்பு விவசாயம் தொழில். பெருமாள் கோயில் பஜனையில் முன்னால் நின்று தாளம் தட்டிப் பாடுவது உயிர். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி வாய்க்கால் பாயும் எங்கள் ஊரில், புரட்டாசி சனிக்கிழமை வந்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. நெற்றி நிறைய நாமத்தோடு அவர் ஒரு அடி பாட, கோஷ்டி அதைத் திருப்பிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வரும். புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்பதில் மனுஷனுக்கு அப்படி ஒரு கர்வம்.

எண்பத்தாறாம் வருஷம் அந்தக் கர்வத்துக்கு அடி விழுந்தது. மூன்றாம் சனிக்கிழமை, ஊரே கூடியிருக்கும்போது, பாதிப் பாட்டில் அடுத்த அடி வராமல் நின்றுவிட்டார். பின்னால் நின்ற பங்காளி பொன்னுரங்கம் அதைத் தொண்டை கிழிய எடுத்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்ததுகூடப் பரவாயில்லை. கொடுத்துவிட்டு ஜனங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் என்னாலும் மன்னிக்க முடியவில்லை. இனி தாளம் யார் கைக்குப் போகும் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆடியில் பெரியம்மா சாலம்மாளையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி டாக்டரிடம் போனார்.

"ஞாபகம் கம்மியாயிக்கினே போகுதுங்க. எதனா மாத்திரை குடுங்க" என்றார்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்ல. லெசித்தின்னு ஒரு சத்து இருக்கு. முட்டை மஞ்சக்கருவுல இருக்கு, சோயா பீன்ஸ்ல இருக்கு. ஞாபகத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்க. ஆனா அதச் சாப்பிட்ட உடனே மறந்ததெல்லாம் திரும்ப வந்துடும்னு நெனைக்காதீங்க" என்றார்.

பெரியப்பா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு ஓய்வே இல்லை. அடைக்கு வைக்க ஒரு முட்டை மிஞ்சவில்லை என்று பெரியம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அவருக்கே உறைத்தது. புரட்டாசி பிறந்தால் முட்டையைத் தொட முடியாது. ஞாபகம் தேவைப்படுகிற மாதத்தில்தானா சத்து நிற்க வேண்டும்?

சோயா வாங்கிவருகிறேன் என்று புரட்டாசி பிறக்கிற அன்று விடியலிலேயே சின்னசேலத்துக்குப் பஸ் ஏறினார். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியதும் அதே நாளில்தான். எங்கள் பக்கமெல்லாம் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். நானும் அப்படிச் சாய்த்த ஒரு மரத்து மேல்தான் உட்கார்ந்திருந்தேன். சின்னசேலத்துக் கடையில் பீன்ஸ் இல்லை. "இதுவும் சோயாதான்" என்று ஒரு பை நிறைய மீல்மேக்கரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பஸ் இல்லாததால் பெரியப்பா அதைச் சுமந்துகொண்டு நடந்தே வந்து எங்கள் மரத்துக்கு முன்னால் நின்றார்.

இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் மீல்மேக்கர் குருமா. அன்றைக்கு எங்கள் ஊரில் அதை ஒருத்தரும் கண்டதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யப்பன் பையை எட்டிப் பார்த்தான். பழுப்பு நிறத்தில், சுருங்கிக் காய்ந்த உருண்டைகள்.

"இன்னா பெரியப்பா, புரட்டாசியும் அதுவுமா உப்புக்கண்டம் வாங்கியார?"

"போடா. இது சோயா."

"சோயாவா? அது எந்த ஊரு ஆடு?"

எல்லோரும் சிரித்தோம். ரோட்டில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாத நாளில் இந்தச் சேதி மட்டும் எப்படி அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவர் வீட்டு வாசலை மிதிப்பதற்குள், "கவுச்சி துண்ற வாயால பெருமாளப் பாடுவாரா? தாளத்த எறக்கி வையுங்க!" என்று பொன்னுரங்கம் கோயிலில் ஆளைக் கூட்டிவிட்டார்.

பையைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பெரியம்மாதான் வெந்நீரும் அண்டாவும் எடுத்துவந்து ஊறப்போட்டுக் காட்டினாள். அது வினையாகப் போயிற்று. ஊறி உப்பியதும் அசல் ஆட்டுக்கறி. பெரியவர்கள் பிழிந்து பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். வாயில் வைக்க மட்டும் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. தின்று பார்த்தால்தான் கறியா இல்லையா என்று தெரியும். தின்று பார்த்துக் கறியாக இருந்துவிட்டால் விரதம் போச்சு. கடைசியில் ஒரு நாயைக் கூப்பிட்டுப் போட்டார்கள். நாய் தின்றது. "பாத்தீங்களா, கறிதான்!" என்றார் பொன்னுரங்கம். அந்த நாய் கோயில் புளியோதரையையும் தின்னும் என்றேன் நான். என்னை யார் கேட்டார்கள்?

பெரியப்பா தாளத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா அண்டாவுக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, பெருமாளைப் பார்த்துக்கொண்டே மென்று முழுங்கினாள். புரட்டாசி முழுக்க ஒரு பொழுது இருக்கிறவள் அவள்; அவள் விரதத்தைச் சந்தேகப்பட ஊரில் ஆள் கிடையாது.

"தா பொன்னுரங்கம், நீயும் ஒரு வாய் துண்ணு. இல்லனா வாய மூடிக்கினு வூட்டுக்குப் போ" என்றாள்.

பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டார். மென்றார். "உப்பு கம்மி, அண்ணி" என்றார். கோயிலே சிரித்தது. ஆனாலும் ஆள் விடவில்லை. "சரி, இது கறி இல்ல. ஆனா மூணாஞ் சனிக்கெழம ஒரு அடி தப்புச்சுன்னாலும் தாளம் எனக்குத்தான்" என்றார். பெரியவர்களும் தலையாட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து பெரியப்பாவுக்குக் காலையில் மீல்மேக்கர் பொரியல், மத்தியானம் மீல்மேக்கர் குழம்பு. சாயங்காலமானால் முதல் பாட்டிலிருந்து ஆரம்பிப்பார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். "நில்லுங்க, நடுவுல ஒண்ண முழுங்கிட்டீங்க" என்பாள். அவர் கோபப்பட்டுக்கொண்டே மறுபடி முதலிலிருந்து வருவார்.

மூன்றாம் சனிக்கிழமை ஒரு அடி தப்பவில்லை. எடுத்துக் கொடுக்கப் பொன்னுரங்கம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே தெரு முழுக்க நடந்தார். பாவம், கொசுதான் உள்ளே போயிருக்கும். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஐப்பசியில் டாக்டருக்கு நன்றி சொல்ல இரண்டு பேரும் போனார்கள். மீல்மேக்கர் கதையைக் கேட்டு டாக்டர் சிரித்துவிட்டார். "சோயாவுல எண்ணெய எடுத்துட்டு மிச்சம் இருக்கிற மாவுல செய்யறது அது. லெசித்தின் அந்த எண்ணெயோட போயிடும். அதுல இருந்தா ஏதோ துளிதான் இருக்கும். நீங்க தெனமும் பாடிப் பாத்தீங்க இல்ல, அதுதான் வேலை செஞ்சிருக்கு" என்றார்.

வீடு திரும்பினால் வாசலில் பொன்னுரங்கம் காத்திருந்தார். குரலில் அப்படி ஒரு பணிவு. "அண்ணே, அந்த உருண்ட எங்க கெடைக்குது?"

பெரியப்பா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "சின்னசேலத்துல. தெனமும் ரெண்டு வேள. வுடாம துண்ணணும்" என்றார். பொன்னுரங்கம் அப்போதே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவங்க அது. தெனமும் பாடிக்கினு, பக்கத்துல ஒருத்தர ஒக்கார வெச்சிக் கேக்கச் சொல்லணும்னு சொல்ல வேண்டியதுதான?"

"உருண்ட எங்க கெடைக்குதுன்னு கேட்டான், சொன்னேன். ஒன்ன மாதிரி ஒருத்தி எங்க கெடைப்பான்னு கேட்டா நான் எந்த ஊருக்குப் பஸ் ஏறச் சொல்றது?" என்றார் பெரியப்பா.