அக்கா கோத்த கட்டைகள்

திண்டுக்கல் வீட்டில் இன்வெர்ட்டர் மாட்ட வந்த மெக்கானிக், ஒரு பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மற்றதன் மைனஸுக்கு ஒயரை முடுக்கினார். "இப்படி சீரிஸ்ல கோத்தாத்தான் வோல்ட் கூடும்மா" என்றார். எனக்கு அக்காவின் விரல்கள் ஞாபகம் வந்தன.

அப்போது ஒட்டன்சத்திரத்தில் இருந்தோம். அப்பா கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்து லாரிகள் புதைந்துவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சு. கரண்ட் இல்லை. ரேடியோவின் பேட்டரிக் கட்டைகளும் தீர்ந்திருந்தன. அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஏழாவது படித்துக்கொண்டிருந்த அக்கா, டார்ச்சிலிருந்து கழற்றிப் போட்ட பழைய கட்டைகளைத் தேடி எடுத்தாள். முதலில் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டினாள். ரேடியோ முனகக்கூட இல்லை. பிறகு ஒன்றன் தலையில் அடுத்ததன் அடி முட்டும்படி நான்கையும் வரிசையாக்கி, செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டி, ரேடியோவுக்குள் போகும் ஒயர்களை இரு முனையிலும் அழுத்திப் பிடித்தாள்.

கரகரவென்று குரல் வந்தது. மத்தியானச் செய்தி. மண் சரியும் முன்பே எல்லா லாரிகளையும் அடிவாரத்தில் நிறுத்திவிட்டார்களாம். யாருக்கும் ஒன்றுமில்லை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "கண்ணுகளா, பசிக்குதா?" என்றாள்.

மெக்கானிக் போனதும், கோவையிலிருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "அந்த வயசுலயே உனக்கு எம்புட்டுத் தைரியம்!" என்றேன்.

"தைரியமா? அம்மா மூஞ்சியப் பாக்கப் பயந்துக்கிட்டுத்தான்டி கட்டையவே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.