உதிராத தட்டு

என் மாமா எதையும் அடுத்த வாரம் செய்கிறவர். அம்மாவுக்கு ஒரே தம்பி. கோவில்பட்டியில் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார். எனக்குச் சைக்கிள், அப்பாவுக்குப் பழைய மோட்டார், அம்மாவுக்கு அடுப்புத் தட்டு.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாங்கள் கடலை வறுத்து மிட்டாய்க் கம்பெனிகளுக்குக் கொடுத்துவந்தோம். அடுப்பு அம்மாவின் பொறுப்பு. சீமைக்கருவேல விறகு பொழுதுக்கும் எரியும். விறகைத் தாங்குகிற இரும்புத் தட்டு அந்தச் சூட்டில் செதில் செதிலாகக் கழன்று சாம்பலில் விழும். நாளாக ஆக மெலிந்து ஓட்டை விழுந்துவிடும். ஒருமுறை எரிகிற விறகோடு தட்டு உள்ளே இறங்கியதில் அம்மாவின் முன்கை வெந்துபோனது. அப்போதும் அவள் தம்பியைத் திட்டவில்லை.

"ஏலே, உதிராத தட்டு ஒண்ணு வார்த்துத் தாரேன்னு சொன்னியே, என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"அடுத்த வாரம் கொண்டாரேன்க்கா."

அடுத்த வாரங்கள் வந்துகொண்டே இருந்தன. ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் மாமா தட்டு வார்க்கக் கிளம்பினார். இரும்போடு அலுமினியம் கலந்தால் நெருப்பில் உதிராது என்று பட்டறையில் யாரோ சொல்லியிருந்தார்கள். சேர்த்து வைத்த அலுமினியம் போதவில்லை என்று எங்கள் வீட்டில் வந்து நின்றார். அப்பா பரணிலிருந்து அம்மாவின் அலுமினியத் தூக்குவாளியை இறக்கினார். அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த வாளி அது. விளிம்பில் அவள் பேர் வெட்டியிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அவள் எனக்குச் சோறு கொண்டுவந்ததும் அதில்தான். நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதேன்.

"குடுத்துரும்மா. மாமா அம்மா அடுப்புக்குத்தானே கேக்காவ," என்றார் அப்பா.

தட்டு வந்தது. மாமா பட்டறை விட்டதும் தினமும் நேரே எங்கள் கொட்டகைக்கு வந்தார். தீயைத் தானாக அணையவிட்டு, காத்திருந்து, குனிந்து சாம்பலைக் கிளறிப் பார்த்தார். ஒரு செதில்கூட இல்லை. தட்டின் மேல் வெளிறிய மெல்லிய தோல் ஒன்று படிந்திருந்தது, அவ்வளவுதான். அம்மா இறந்த பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

பின்னாளில் உலோகவியல் படித்தபோது அந்தத் தோலைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அலுமினியம் சூட்டில் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு பூச்சாகி, உள்ளே இருக்கிற இரும்பைக் காப்பாற்றுகிறது. அந்தக் கலவை எவ்வளவு நெருப்பையும் தாங்கும், ஆனால் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதையும் படித்தேன். மாமாவுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வேலை முடிந்ததும் கங்கில் தண்ணீர் தெளித்து, கரியை அள்ளி இஸ்திரிக் கடைக்குக் கொடுப்பது அம்மாவின் வழக்கம். தட்டு ஜெயித்துவிட்டது என்ற தைரியத்தில் அப்பா ஒரு சாயங்காலம் அவள் செய்ததைப் போலவே செம்பு நிறையத் தண்ணீரை வீசினார். டணார் என்று சத்தம் கேட்டது. தட்டு இரண்டாகக் கிடந்தது.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கையில் செம்போடு நின்றார்.

"அவ இருக்கும்போது குடுக்கல. இப்ப குடுத்து யாருக்கு அத்தான்?" என்று சொல்லி மாமா அழுதார். ஒரு தட்டுக்காக இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

துண்டுகள் ஆறியதும் எடுத்து உடைந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே சீனி மாதிரிப் பொடிப் பொடியாக மின்னியது.

"அம்மா பேரு எங்கன இருக்கு மாமா?"

"அது உருகிட்டு ஏட்டி. வாளி தட்டு பூராவும் கலந்து கெடக்கு."

மாமா சின்னத் துண்டை எடுத்து வேட்டியில் துடைத்து, பைக் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பட்டறையில் மலை மலையாக இரும்பு கிடக்கும்போது இந்த உடைசல் அவருக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பெரிய துண்டு எனக்குக் கிடைத்ததில் சந்தோஷமாக இருந்தது. அம்மா அதில்தான் கூடுதலாக இருப்பாள்.