விழிஞ்ஞத்தில் நான் ராஜாவாக இருந்த நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், மலையாள நாட்டில் தம்பானூருக்குப் பக்கத்தில் கயிறும் முந்திரியும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவராகத்தில். கிழக்கேகோட்டை வழியாக நடந்தே போய்விடுவேன்.

ஆபீசில் இரண்டு அறைகள். பெரிய அறையில் டைப்ரைட்டர்களும் மின்விசிறிகளும், வருஷக்கணக்காக அங்கேயே இருக்கும் ஐந்து பெண்களும். சின்ன அறையில் ஏசியும் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களும், புதிதாகச் சேர்ந்த நாங்கள் மூன்று பேரும். சின்ன அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி தங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அது வெறும் பயம் என்று சொல்லவும் முடியாது. கப்பலுக்குப் போகவேண்டிய பேப்பர்களை ப்யூன் கையில் கொடுத்தனுப்புவார்கள். நாங்கள் சாப்பிட வந்தால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அவர்களில் மூத்தவர் தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரர், சர்ச்சுக்குப் போகும் தமிழ்க் குடும்பம். எல்லாருக்கும் அவர் சேச்சி, அதாவது அக்கா. சேர்ந்த புதிதில், தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது என்ற சந்தோஷத்தில் அவர் மேஜை முன் போய் நின்று என்னவோ கேட்டேன். மலையாளத்தில் இரண்டே வார்த்தை பதில் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நானும் தமிழில் பேசவில்லை.

இரண்டு அறைகளும் பேசிக்கொள்ளாததால் ஒரு கப்பலுக்குப் பேப்பர் தவறாகப் போய் மானேஜர் தலையில் இடி விழுந்தபோதுதான் எங்களையெல்லாம் விழிஞ்ஞத்துக்கு ஒருநாள் பயிற்சிக்கு அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. கடற்கரையை ஒட்டி ஒரு பழைய வீடு. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துபவர், ஒல்லியான மனிதர். பிரசங்கம் ஏதாவது இருக்கும், தூங்கிவிடலாம் என்று நினைத்தோம். அவரோ பெஞ்சுகளை எல்லாம் வெளியே தென்னைமரத்தடிக்குத் தூக்கிவரச் சொன்னார். பிறகு குளச்சல் கதையைச் சொன்னார். டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கியது, திருவிதாங்கூர்ப் படை அவர்களைத் தோற்கடித்தது, அவர்களுடைய கேப்டன் சிறைப்பட்டது. அந்தக் கேப்டனே பின்னால் ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் அந்த எதிரியிடம் ராஜா என்ன பேசியிருப்பார், கேப்டன் எதற்குச் சம்மதித்திருப்பார் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை நீங்களே அவர்களாக நடித்துப் பேசிக் கண்டுபிடியுங்கள், சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்றார் அவர்.

சீட்டுக் குலுக்கினார்கள். ராஜா நான். கேப்டன் சேச்சி.

காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மந்திரிகளாக வந்தவர்கள் பட்டுத்துண்டு இல்லையென்று பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். சேச்சி மட்டும் தனியாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜா கூப்பிடுகிறார் என்று இரண்டு முறை ஆள் அனுப்பினேன். வரவில்லை. பயிற்சிக்காரரிடம் போய் முறையிட்டேன். சிறைக்கைதி பேசமாட்டேன் என்றால் ராஜா என்ன செய்வார் என்று திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு வேறு வழியில்லாமல் நானே எழுந்து போனேன். அங்கே பெஞ்சு இல்லை, மணலில் அவர் எதிரே உட்கார்ந்தேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன், மலையாளத்தில். அவர் தமிழில் சொன்னார்.

"எனக்கு இனி ஊருக்குப் போவ முடியாதுண்ணா, நான் இங்க ஆராக்கும்? அத மொதல்ல சொல்லு."

என் பின்னாலேயே வந்து நின்ற மந்திரிகளின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கேப்டனாகப் பேசினாரா, தானாகப் பேசினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ராஜாவாகவே பதில் சொல்லப் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்ததை என் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், அதற்குரிய மரியாதையோடு இருக்கலாம் என்றேன்.

"படிச்சுக் குடுத்த பெறவு?"

உதவிக்குப் பயிற்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகட்டி நின்றார். கடைசியில் உண்மையைத்தான் சொன்னேன். "தெரியலை சேச்சி. ஆனா நீங்க இல்லாம எங்களால முடியாதுன்னு மட்டும் தெரியறது. எந்தத் துறைமுகத்துக்கு எந்தப் பேப்பர் போகணும்னே எங்களுக்குத் தெரியலையே."

குளச்சலில் ஏது பேப்பர் என்று யாரும் கேட்கவில்லை. சேச்சி புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். "செரி. ஆனா எனக்க ஆளுவ தனியா ஒரு கொட்டாயில இருக்கமாட்டாவ. எல்லாரும் ஒரே எடத்துல இருக்கணும்" என்றார். அதுதான் உடன்படிக்கை. சாயங்காலம் வரை உட்கார்ந்து யார் யாருக்கு எதைச் சொல்லித்தருவது என்று பேசினோம். பாதிப்பேச்சு துப்பாக்கியைப் பற்றியும், பாதி ஆபீசைப் பற்றியுமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சேச்சி எங்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏசி குளிருக்கு ஒரு துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீபோர்டில் அவர் விரல்கள் போன வேகத்துக்கு எங்களில் யாரும் ஈடில்லை. மவுஸ்தான் வசப்படவில்லை. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடிப்போய்விடுகிறது என்று திட்டுவார், தமிழில்தான். நான் தப்பு செய்தால், என்ன இது என்று மலையாளம் கலந்து "எந்துவா பிள்ளே இது" என்பார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். அந்த வருஷமே டைப்பிங் செக்ஷனிலிருந்து இரண்டு பேரைக் கொல்லம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அதில் ஒருவர் வேலையையே விட்டுவிட்டார். சேச்சி மானேஜர் அறைக்குப் போய் வெகுநேரம் வாதாடினார், நாங்களும் கூடப் போய் நின்றோம். பலிக்கவில்லை. மற்ற மூவரும் நிலைத்தார்கள். டைப்ரைட்டர் அறையின் தடுப்பை எடுத்து ஒரே கூடமாக ஆக்கினார்கள்.

கல்யாணமாகி நான் சென்னைக்குக் கிளம்பும்வரை ஒரே மேஜையில்தான் சாப்பிட்டோம். நான் மீன் சாப்பிடமாட்டேன் என்று, மீன் குழம்பு டப்பாவை மேஜையின் அந்தக் கோடியில் தள்ளி வைத்துவிட்டு, எனக்கென்று மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வேகவைத்துத் தனியாகக் கொண்டுவருவார். தேங்காய் அரைத்துப் போட்டு மஞ்சளாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பக்குவம் யாருக்கும் வரவில்லை. இப்போதும் சந்தையில் மரச்சீனிக் கிழங்கைக் கண்டால் ஒன்று வாங்கிவிடுகிறேன்.