நெய்வேலியில் விட்டுவந்த நட்சத்திரப் படநூல்

பூமி உருண்டை, தொலைநோக்கி, கிரகணம் என்று எதைப் பற்றி இருந்தாலும் சரி, நூறு வருடம் தாண்டிய அறிவியல் புத்தகம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கஸ்தூரி என்ற அம்மா தன் வீட்டுப் புத்தகங்களின் படத்தைப் போட்டிருந்தார். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வடலூர் பக்கம் போகிற வீடு சின்னது, அலமாரிக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார். அப்படித்தான் போன செப்டம்பரில் நெய்வேலி போனேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குக் கும்பகோணம் பஸ் பிடித்தால், பண்ருட்டி வழியாகப் பதினோரு மணி வாக்கில் நெய்வேலி டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டில் இறங்கலாம். உள்ளே போக ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பிளாக் நம்பரோடு தெருப் பெயரும் கையில் இருக்கட்டும். "வெறும் பிளாக் சொன்னா நாள் பூரா சுத்திக்கினே இருக்கணுங்க" என்றார் டிரைவர்.

ஹாலில் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார் கஸ்தூரி. பூமி உருண்டையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று. அதன் கீழே, நான் தேடிவந்த ஆங்கில நட்சத்திரப் படநூல். பெரிய அளவு, எல்லாம் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். முதல் தாளைத் திருப்பினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் தனபால் தலையைத் தூக்கினார். மைன்ஸில் ஆபரேட்டராக இருந்தவர். கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை போய்விட்டது.

"கஸ்தூரி, சத்தம் பெரிய புக்கு மாதிரி இருக்கு. அதையுமா குடுக்கிற?"

"அத வச்சிக்கினு என்ன பண்ணப் போறீங்க?" கேட்டுவிட்டு அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார், எந்தப் பக்கம் தொறந்திருக்கு?"

"நிலா."

"ஓரத்துல நீலம் இருக்குமே. ஷிப்டு முடிச்சி வந்து அதைத்தான் பாத்துக்கினு இருப்பேன்."

புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். "எடுத்துக்கினு போங்க, நாலு நாள்ல மறந்துடுவாரு" என்று கஸ்தூரி வாசல்வரை வந்து சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பாக்கெட்டில் செல்போன் இருந்தது. அந்த நேரத்தில் படமெடுக்கக் கூச்சமாக இருந்தது. நல்லது செய்துவிட்ட நினைப்பில் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் மழைக்குப் பிறகு விசாரிக்கப் போன் செய்தேன். புது வீட்டில் கூரை ஒழுகியிருக்கிறது.

"தாளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுங்க. பிரிச்சா கலர் உரிஞ்சி வருது" என்றார் கஸ்தூரி, குரலைத் தாழ்த்தி. "அவர்கிட்ட இன்னும் சொல்லலைங்க. தெனம் மூடின புக்க மடியில வச்சிக்கினுதான் உக்காந்திருக்காரு."

அதற்குள் தனபால் போனை வாங்கிவிட்டார்.

"சார், தேள் படத்துல ஒரு செவப்பு நட்சத்திரம் இருக்குமே, அதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சு? எழுத்து பொடிசா இருக்கு, தெரியலைங்கிறா இவ."

நான் அந்தப் பக்கம்வரை புரட்டவே இல்லை. "பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன்.

இப்படிப் புத்தகம் தேடிப் போகிறவர்களுக்கு: ஐப்பசிக்கு முன்னால் போய்விடுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கேட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள். விட்டுவிட்டு வருவதென்றால், தண்ணீர் புகாத பெட்டி ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

அப்படியொரு பழைய படநூல் உங்களிடம் இருந்தால், தேள் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். அவர் இன்னும் என் போனுக்காகக் காத்திருக்கிறார்.