கிழித்துப் பங்கு வைக்க முடியாத சேலை

சூலக்கரையில் வாக்காளர் பட்டியல் வேலைக்கான பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோது செண்பகவல்லி டீச்சரின் மகன் போன் செய்தார். "அம்மா காலையில தவறிட்டாக. நீங்க வந்திருங்க." அவ்வளவுதான். அதிகாரி பேசிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன். அழுகை வரவில்லை. அவரோடு பாதியில் நிற்கும் ஒரு சண்டை இருக்கிறது, அதை இனி யாரோடு போடுவது என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் பிள்ளைகளை விட்டவர்களுக்கும் அந்தச் சண்டை தெரிந்ததுதான். தீபாவளி நெருங்கினால் எங்கள் பள்ளிக்குப் பட்டாசுப் பெட்டிகள் வரும். கம்பெனி வைத்திருக்கும் பெற்றோர் காரில் கொடுத்தனுப்புவார்கள். நாங்களெல்லாம் வாங்கிக்கொள்வோம். நாலாம் வகுப்பு எடுத்த செண்பகவல்லி டீச்சர் மட்டும் வாசலோடு திருப்பி அனுப்புவார். "பிள்ளையவே எங்கிட்டக் குடுத்திருக்கீக. அதுக்கு மேல குடுக்க என்ன இருக்கு?" என்பார். கேட்க நன்றாக இருக்கும். கொடுக்க வந்தவரின் முகம் சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆசையாகக் கொடுப்பதை மறுப்பதும் ஒரு திமிர்தான் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை, தாயில்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகும் ஒரு தாய் தூக்குச்சட்டி நிறையப் பணியாரம் கொண்டுவந்தார். டீச்சர் மறுக்காமல் வாங்கினார். வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்து, தானும் ஒன்று தின்று, சட்டியைக் கழுவிக் கொடுத்தார். நான் விடுவேனா?

"இது மட்டும் எதுல சேத்தி டீச்சர்?" என்றேன்.

"எல்லாருக்கும் பங்கு வைக்க முடிஞ்சா வாங்கலாம்."

"அப்ப எனக்கு வந்த பட்டுச்சேலைய என்ன செய்ய? கிழிச்சு ஆளுக்கொரு துண்டா குடுக்கவா?"

ஆசிரியர் அறையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார்.

அந்தச் சேலையைக் கொடுத்தது விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனி நடத்தும் வீட்டு அம்மா. அவர் மகள் தாரணி அப்போது என்னிடம் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பாள். நடுவில் ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னால் விழிப்பாள். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று எனக்கு ஆவணியிலேயே தெரியும். தை மாதப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அன்றைக்கென்று அந்தச் சேலையைக் கட்டியிருந்தேன். "டீச்சருக்கு எம்புட்டு எடுப்பா இருக்கு" என்று தாரணியின் அம்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "பிள்ளை எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டார். "நல்லாப் படிக்கிறா" என்றேன்.

அடுத்த ஜூனில் தாரணி நாலாம் வகுப்புக்குப் போனாள். ஒரே வாரத்தில் டீச்சர் என் மேசைக்கு வந்தார். "உங்களுக்குத் தெரியாம இருந்திருக்காதே" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "அவுக அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நானும் வாரேன்."

இருவரும் போனோம். நான்தான் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "ஒரு வருசம் போச்சே டீச்சர். நான் வந்து கேட்டேனே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்று முதல் டீச்சர் தினமும் பள்ளி விட்ட பிறகு தாரணியை உட்கார வைத்து எழுத்துக் கூட்டப் பழக்கினார். முழுப்பரீட்சைக்குள் அவள் தானாக வாசித்தாள். அவள் அம்மா வெள்ளி விளக்கோடு வந்தார். "எனக்குச் செய்யணும்னா மாசம் ஒருக்க வந்து பிள்ளையப் பத்திக் கேளுங்க. வெறுங்கையோட வாங்க" என்று அனுப்பிவிட்டார் டீச்சர்.

அதன்பின் நானும் பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கை கூசுகிறது. கொடுப்பவர்கள் எல்லோரும் விலை பேச வருவதில்லையே. வாங்கினால் வாய் அடைத்துப்போகிறது, மறுத்தால் ஒரு நல்ல மனம் நோகிறது. இதற்கு டீச்சர் கடைசிவரை எனக்குச் சரியான பதில் சொல்லவில்லை.

டீச்சரின் துட்டி வீட்டில் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தேன். தாரணியின் அம்மா பக்கத்தில் வந்தார். அவருடைய சின்ன மகன் இப்போது என் வகுப்பில் இருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சின்னவன் எப்படிப் படிக்கிறான் டீச்சர்? உள்ளதச் சொல்லுங்க" என்றார். கேட்கிற இடமா இது என்று ஒரு கணம் தோன்றியது.

"கழித்தல் கணக்கு சுத்தமா வரலம்மா. பக்கத்துப் பையனப் பாத்து எழுதுறான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நாளைக்கு வாரேன்" என்றார்.

கேட்டவரின் கண்ணைப் பார்த்து உள்ளதைச் சொல்லும் இந்தக் கொஞ்சம் தைரியம்தான் செண்பகவல்லி டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதற்குத் தாரணியின் ஒரு வருடம் போயிருக்கிறது.